சூரியனுக்கு சுவிட்ச் கிடையாது!

வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் மேல்நாடுகளில் ஏராளம். ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இந்த வண்டியைப் பார்க்கலாம். "கேம்பர் வேன்" என்பது அதன் பெயர்.

ஜெர்மனியில் 1951-ம் ஆண்டிலேயே வோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி விற்றார்கள். இன்றைய வண்டியில் பிரிட்ஜ், விசிறி, விளக்கு எல்லாமே உண்டு. அவற்றுக்கு மின்சாரம் தருவது, கூரை மேல் இருக்கும் சூரியப் பலகை.

1954 ஏப்ரல் 25-ந் தேதி அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் சிலிக்கன் சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். மேலே விழும் வெயிலில் 100-க்கு 6 பங்கைத்தான் அது மின்சாரமாக மாற்றியது. இன்றைய நல்ல பலகை 20 பங்குக்கு மேல் மாற்றுகிறது. விலையும் வெகுவாக இறங்கிவிட்டது. ஆகவே பலர் தாங்களே பலகையை வாங்கி, தாங்களே ஒயர் இழுக்கிறார்கள்.

முயற்சி நல்லதுதான். ஆனால் "12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?" என்று நினைக்கிறார்களே, அதுதான் ஆபத்து!

கணக்கு என்ன சொல்கிறது?

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1,200 வாட் மின்சார அடுப்பு, 230 வோல்ட் உள்ள வீட்டில் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். அதே அடுப்பு 12 வோல்ட் பேட்டரியில் 100 ஆம்பியர் இழுக்கும்!

ஒயரில் ஓடும் ஆம்பியர் இரண்டு மடங்கானால், அதில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். வீட்டுக்குப் போடும் மெல்லிய ஒயர் இதைத் தாங்காது. 100 ஆம்பியருக்கு சுண்டுவிரல் பருமன் ஒயர் வேண்டும். 12 வோல்ட் ஆளைத் தூக்கி அடிக்காது. ஆனால் வண்டியைக் கொளுத்திவிடும்.

பியூஸ் எங்கே?

ஓடுகிற வண்டி ஓயாமல் அதிரும். தகரத் துளையின் விளிம்பில் ஒயர் உரசும். மேலுறை தேயும். வண்டியின் உடல் பெரும்பாலும் பேட்டரியின் 'மைனஸ்' முனையோடு இணைந்திருக்கும். 'பிளஸ்' ஒயர் தகரத்தைத் தொட்டால் பல நூறு ஆம்பியர் பாயும். நொடியில் ஒயர் சிவந்து எரியும். உள்ளே குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

இதைத் தடுப்பது பியூஸ் ஒன்றுதான். பேட்டரியின் 'பிளஸ்' முனைக்கு அருகிலேயே அது இருக்க வேண்டும். ஒயர் தாங்கும் அளவைவிடப் பெரிய பியூஸ் போடக்கூடாது. பியூஸ் அடிக்கடி போனால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவது, தீயை விருந்துக்கு அழைப்பதாகும். துளைக்குத் துளை ரப்பர் வளையமும் அவசியம்.

முறை இதுதான்

பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவே "சார்ஜ் கண்ட்ரோலர்" என்னும் கருவி வேண்டும். அதில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும். பிறகுதான் பலகை. கழற்றும்போது முதலில் பலகை, பிறகு பேட்டரி.

வெயில் பட்டாலே பலகையில் மின்சாரம் இருக்கும். சூரியனை நிறுத்த சுவிட்ச் கிடையாது. எனவே தடித்த கம்பளியால் பலகையை மூடிவிட்டு வேலை செய்ய வேண்டும்.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்துக்கு வந்து போகும். ஆகவே அதில் எழும் தீப்பொறி எளிதில் அணையும். பலகையின் மின்சாரம் அப்படி அல்ல. ஒரே திசையில் ஓடுவது. அதன் பொறி நீடித்து எரியும். எனவே 'டி.சி.'க்கு என்றே செய்த சுவிட்சும் பியூசும் வாங்க வேண்டும்.

விற்பவர் கடமை

பலகையும் பேட்டரியும் விற்பவர்கள், எத்தனை ஆம்பியருக்கு எவ்வளவு பருமன் ஒயர் என்ற அட்டவணையைச் சாதாரண மக்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். பொருத்தமான பியூசையும் சேர்த்தே விற்க வேண்டும். "அது உங்கள் பாடு" என்று கைகழுவக்கூடாது.

வாங்குகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பெரிய பலகைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, ஒயரில் மிச்சம் பிடிப்பது சிக்கனம் அல்ல. நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைக்கும் பேட்டரிக்கும் இதே விதிதான். விவரம் தெரியாவிட்டால், தெரிந்த எலக்ட்ரீசியனை அழைத்து ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.