பாடத்தை நீக்கினால் புகையான் மாறாமல் இருக்குமா?

புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. அந்தக் காலத்தில்தான் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் வெறும் 'மரபு' என்று சுருங்கியது. கொரோனாவுக்குப் பின் மாணவர் சுமையைக் குறைத்தோம், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டனர்.

விழிதியூரில் இருக்கும் நமக்கு இதில் என்ன? பதினொன்றில் வணிகவியல் எடுக்கும் நம் பிள்ளை, அந்தப் பாடத்தைப் பார்க்காமலே பள்ளியை முடித்துவிடும். எல்லை தாண்டி நாகை மாவட்டத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல் படிக்கும் மாமா பிள்ளையோ பத்தாம் வகுப்பிலேயே படித்துவிடும்.

"நல்லதுதானே, ஈமானுக்குப் பாதுகாப்பு" என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். சற்று நிதானிப்போம்.

புகையான் பூச்சியை நம் விவசாயிகள் நன்கறிவர். அதைத் தாங்கி வளரும் ஐ.ஆர்.26 நெல் 1973இல் வெளியானது. சில ஆண்டுகளிலேயே பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வயல்களில் அந்த நெல்லையும் அழிக்கும் புகையான் பெருகிவிட்டது. எந்தப் பூச்சியும் ஒரே இரவில் மாறவில்லை. கூட்டத்தில் முன்பே இருந்த சில பூச்சிகளால் அந்த நெல்லில் வாழ முடிந்தது. மற்றவை அழிய, அவற்றின் சந்ததி பெருகியது. பரிணாமப் பாடத்தின் அடிப்படை இதுதான்.

ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்குக் கட்டுப்படாத கிருமிகளும் இப்படியே பெருகுகின்றன. பென்சிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங் 1945லேயே இதை எச்சரித்தார். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கும் நம் வீடுகளுக்கு இந்தப் பாடம் அவசியமில்லையா?

ஆதம் (அலை) அவர்களின் படைப்பு நம் அகீதா. அதில் நமக்குத் தடுமாற்றமில்லை. புதைபடிவங்களையும் மரபணுக்களையும் கொண்டு மனிதனையும் இதே வரிசையில் விஞ்ஞானிகள் வைக்கிறார்கள். நம் பிள்ளைகள் இதைக் கல்லூரியில் கேட்கத்தான் போகிறார்கள். அங்கே முதன்முறையாகக் கேட்டுத் திகைப்பதைவிட, பள்ளியில் ஆசிரியரிடம் ஆதாரத்தையும் வீட்டில் நம்மிடம் அகீதாவையும் கற்றுச் செல்வதே மேல். படைப்புகளை உற்று நோக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. கேள்விக்கு அஞ்சி ஓடச் சொல்லவில்லை.

பள்ளி விடாவிட்டால், பெற்றோராகிய நாமாவது அந்தப் பாடத்தைத் தேடித் தருவோம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக!