எனது ஓட்டு பதினாறு கிலோவுக்கே!
மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது வரதட்சணை, வேலையில்லாத் திண்டாட்டம், தாய்மொழி மூன்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது உடற்பயிற்சி. மிஞ்சியதாக இருந்தாலும் இதில் சொல்லித் தீர வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

மாலை ஆறு மணி ஆனால் நம் விடுதி வராந்தாவில் கெட்டில்பெல் ஸ்விங்தான். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. ஒன்று 16 கிலோ, மற்றொன்று 24. இது ருஷ்ய நாட்டுச் சரக்கு. அங்கே இதன் பெயர் கிர்யா. பழைய ருஷ்ய எடையில் ஒரு பூட் என்பது ஏறத்தாழ 16.38 கிலோ. ஒரு பூட், ஒன்றரை பூட், இரண்டு பூட்... அதுதான் 16, 24, 32 என்று ஆனது.

இதில் 24-க்கு எப்போதும் வரிசை. 16 மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. யாராவது அதைத் தொட்டால், "என்னடா, பால் சொம்பு தூக்கப் போறியா?" என்று கேலி. திங்கள் முதல் சனி வரை தினமும் 24 அடித்தால்தான் ஆம்பளை என்று ஒரு சட்டம் உருவாகிவிட்டது. இந்தச் சட்டத்தை யார் போட்டது?

நாம் படிக்கும் பாடமே இதற்கு எதிராகத்தான் பேசுகிறது. 1842 மே மாதம் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸ் திரும்பிய ஒரு ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதுவரை ஓடிய அச்சு அன்று மட்டும் ஏன் முறிந்தது? பின்னர் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மன் ரயில்வே பொறியாளர் அச்சுகளைச் சுமையோடு லட்சக்கணக்கான தடவை சுழற்றிப் பார்த்தார். ஒரு தடவையில் முறிக்காத சுமை, திரும்பத் திரும்ப வந்தால் முறிக்கும் என்று தெரிந்தது. ஃபெட்டீக் என்று நாம் தேர்வுக்கு உருப்போடுகிறோமே, அதுதான் இது.

ஆனால் அச்சுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அச்சுக்கு ஒரு மாதம் லீவு கொடுத்தாலும் விழுந்த விரிசல் ஆறாது. நம் உடம்பில் ஆறும்; ஆறிய பின் முன்னைவிடக் கெட்டியாகும். அவகாசம் மட்டும் வேண்டும். அதிலும் தசை சீக்கிரம் தேறிவிடும், அதை எலும்போடு பிணைக்கும் தசைநார் மெதுவாகத்தான் தேறும். அதனால்தான் கை "ரெடி" என்று சொல்லும் நாளில்கூட முழங்கை "பொறுடா" என்கிறது.

அப்படியானால் நடுவில் சும்மா படுத்துக் கிடக்கலாமே என்பீர்கள். கிடக்கலாம், தவறில்லை. ஆனால் ஸ்விங் என்பது சுமையோடு சேர்ந்து ஒரு வித்தை. குண்டை எறிவது இடுப்பு. கை வெறும் கயிறு. களைத்துப்போய் 24-ஐ ஆட்டுபவனைக் கவனியுங்கள். இடுப்பு வேலைநிறுத்தம் செய்துவிட, முதுகு வளைந்து, தோள் குண்டைத் தூக்கிக்கொண்டிருக்கும். அவன் பழகுவது ஸ்விங்கை அல்ல, தப்பான ஸ்விங்கை! 16 கிலோ நாளில் இடுப்பை வேகமாகவும் சுத்தமாகவும் வெடிக்க விடலாம். இயக்க ஆற்றலில் வேகத்துக்குத்தான் வர்க்கம், எடைக்கு இல்லை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இது என் கண்டுபிடிப்பு அல்ல. பில் ஸ்டார் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1976-இல் கால்பந்து வீரர்களுக்காக எழுதிய புத்தகத்தில் திங்கள் கனம், புதன் லேசு, வெள்ளி நடுத்தரம் என்று வகுத்தார். (அவர்கள் ஊர் கால்பந்து கையால் ஆடுவது, அது வேறு கதை!) நம் குண்டுகளுக்கு நான் போட்ட கணக்கு: திங்கள் 24 கிலோவில் பத்துப் பத்தாகப் பத்துத் தடவை, மொத்தம் 2400 கிலோ. புதன் 16 கிலோவில் அறுபது, 960 கிலோ. வெள்ளி 24 கிலோவில் அறுபது, 1440 கிலோ. ஸ்மித்தி வகுப்பில் சம்மட்டி பிடித்த நாள் எந்தக் கிழமையானாலும் லேசான நாள்தான். கல்லூரி விட்டு லாரி ஷெட்டில் வேலை செய்யும் நண்பர்களுக்கும் அதே கணக்கு. சம்மட்டியும் ஜாக்கியும் சுமையில்லை என்று முதுகுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "எங்கப்பா தினம் மூட்டை தூக்குறாரு, அவருக்கு ஏதுடா லைட் டே?"

கேட்பவர்களில் பாதிப்பேர் என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். என் அப்பாவும் மூட்டை தூக்குபவர்தான். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. லேசான நாள் என்றால் அவருக்குக் கூலி குறைந்த நாள், அம்மா கடைக்காரரிடம் கடன் சொல்லும் நாள். கனத்த நாளை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாற்பத்தேழு வயதில் காலையில் சுவரைப் பிடித்துத்தான் நிமிர்கிறார். அவரைக் காட்டி "தினமும் கனம் தூக்கினால் ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஒன்றும் ஆகாமலா அவர் என்னை இங்கே அனுப்பினார்? மண்டிப் பக்கமே வராதே என்றுதானே அனுப்பினார்! பணம் கட்டிப் படிக்கும் இடத்தில், யாரும் வற்புறுத்தாமல், கூலியும் இல்லாமல், அதே முதுகை நாமே வாங்கிக்கொள்வதா?

அடுத்த ஆண்டு விளையாட்டு நிதியில் 32 கிலோ குண்டு வாங்க வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. பேரவைச் செயலாளர் அவர்களே, என் ஓட்டு இன்னொரு 16-க்கு! புதன்கிழமை மாலை அதற்கு வரிசை சேர்ப்பது என் பொறுப்பு.