கம்பெனிப் பெயர் இருக்கு, கூலி எங்கே?

நீலப்படத்தைப் பற்றி இங்கே என்ன எழுத்து என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். உழைப்பாளியின் உடம்பு எங்கே காட்சிக்கு வைக்கப்பட்டாலும் அங்கே நமக்குக் கேள்வி உண்டு.

ஜோ கேஜ் என்ற அமெரிக்க இயக்குநர் ஆண்களுக்கிடையிலான உறவை வைத்து மூன்று படம் எடுத்தார். ‘கான்சாஸ் சிட்டி டிரக்கிங் கம்பெனி’ (1976), ‘எல் பாசோ ரெக்கிங் கார்ப்பரேஷன்’ (1978), ‘எல்.ஏ. டூல் அண்ட் டை’ (1979). மூன்றுக்குமே கம்பெனிப் பெயர். ‘உழைக்கும் மனிதன்’ வரிசை என்று ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒருபாலுறவை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததே 1973இல்தான். அந்தக் காலத்தில் மீசையும் ஜீன்ஸுமாக வரும் இந்த லாரிக்காரர்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, தங்களை நினைத்து அழவில்லை. அது சின்ன விஷயமில்லை.

ஆனால் வேலை எங்கேய்யா? இரண்டாவது படத்தின் தொடக்கத்திலேயே சண்டை போட்டதற்காக இரண்டு டிரைவர்களின் வேலை போகிறது. அடுத்த வேளைச் சோத்துக்கு என்ன வழி? கேமராவுக்கு அந்தக் கவலை இல்லை. வேலை போனது பயணத்துக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். சட்டையைக் கழற்ற வைத்தவர்கள் சட்டைப் பையைப் பார்க்கவில்லை.

“கிளுகிளுப்புப் படத்தில் போய் தொழிற்சங்கம் தேடுறியே” என்று சிரிப்பீர்கள். ‘உழைக்கும் மனிதன்’ என்று பெயர் வைத்தது நானா?

நிஜ லாரிக்காரர்களின் கதை 1970களின் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. கூர்ஸ் பீர் கம்பெனிக்கு எதிராக டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் ஆலன் பேர்ட், ஹார்வி மில்க்கிடம் ஆதரவு கேட்டார். மில்க் ஒரு நிபந்தனை வைத்தார்: எங்கள் ஆட்களுக்கும் லாரி ஓட்டும் வேலை வேண்டும். சங்கம் ஏற்றது. ஒருபாலுறவினரின் மதுக்கடைகள் கூர்ஸை வெளியே தள்ளின. வேலை கேட்டு வந்தவர்களைப் பொய் கண்டறியும் கருவி முன் உட்கார வைத்த கம்பெனி அது. படுக்கையறைச் சங்கதிகளைக்கூடக் கேட்டார்கள் என்று தொழிலாளர்கள் குற்றம் சாட்டினார்கள்.

இரண்டாவது படம் வந்த அதே 1978இல், ஒருபாலுறவு ஆசிரியர்களைப் பள்ளியிலிருந்து துரத்தும் பிரிக்ஸ் முன்மொழிவைக் கலிபோர்னியா மக்கள் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். இந்தக் காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 வரை ஆனது. ஆசைப்பட்டதற்காகச் சோறு பறிபோகும் என்ற அந்தப் பயம்தான் அவர்களின் அன்றாடம். படத்தில் அது எங்கே?

படத்தைக் கொளுத்தச் சொல்லவில்லை. அந்த வேலை ஒழுக்கவாதிகளுடையது. பார்க்கிறவர்கள் தாராளமாகப் பார்க்கட்டும். உழைப்பாளியின் உடம்பு அழகுதான், யார் இல்லைன்னா? ஆனால் உழைப்பைத் தொடாமல் உடம்பை மட்டும் எடுத்துக்கொள்வதற்கு மரியாதை என்று பெயர் சூட்டாதீர்கள். ‘உழைக்கும் மனிதன்’ என்ற பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பீர் கம்பெனியை எதிர்த்து நின்றவர்களுக்கு அது சேரட்டும்.