தங்கும் விடுதியில் இணையத்திற்குத் தனிக் கட்டணமா?



2012 ஆம் ஆண்டு, மூன்று நாள் பயிற்சிப் பணிமனை ஒன்றிற்காகக் கெடா மாநிலத்தின் நகரொன்றில் தங்க நேர்ந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அறுவர் மூன்று அறைகளில் தங்கியிருந்தோம். செய்து முடித்த பயிற்றுப்பொருளை அன்றிரவே மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும் என்பது பணிமனை நடத்தியவர்களின் கட்டளை. விடுதியின் வரவேற்பு முகப்பில் இணையத்திற்கான கடவுச்சொல்லைக் கேட்டோம். 24 மணி நேரத்திற்கு 24 வெள்ளி என்றார்கள். அதுவும் ஒரு மடிக்கணினிக்கு மட்டும்!

ஆறு பேரும் கணினிகளைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து மாமாக் கடைக்குச் சென்றோம். ஆளுக்கொரு தே தாரிக். இணைப்பு இலவசம். நள்ளிரவுக்குள் வேலை முடிந்தது. அதே 2012 இல்தான் கோலாலம்பூர் மாநகர் மன்றம், பெரிய உணவகங்கள் வாடிக்கையாளருக்கு வைஃபை வசதி தர வேண்டும் என்பதை உரிம நிபந்தனையாக்கப் போவதாக அறிவித்தது. தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் கிடைப்பது, 150 வெள்ளி கொடுத்துத் தங்கும் அறையில் கிடைக்கவில்லை. இது என்ன நியாயம் என்று அன்று எழுந்த கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

இன்று நம் நாட்டு விடுதிகளுள் பெரும்பாலானவை இதற்குத் தனியே பணம் கேட்பதில்லை. பிறகு ஏன் இந்தப் பழங்கதை என்று நீங்கள் கேட்கலாம். கட்டணம் ஒழிந்துவிடவில்லை, உருமாறியிருக்கிறது என்பதே என் விடை. அதற்குமுன் அது எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் விடுதி அறையின் தொலைபேசி நல்ல வருமானம் தந்தது. வெளியே சில காசுகளில் முடியும் அழைப்பிற்கு அறையிலிருந்து பேசினால் பன்மடங்கு கட்ட வேண்டும். கைத்தொலைபேசி வந்ததும் அவ்வருமானம் வற்றியது. அந்த இடத்தை நிரப்ப இணையம் வந்து சேர்ந்தது. பல விடுதிகள் தாமே இணைப்பை அமைக்காமல் வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்து, வசூலில் பங்கு பெற்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உலகெங்கும் மலிவான விடுதிகள் இணையத்தை இலவசமாகத் தந்த காலத்தில், ஐந்து நட்சத்திர விடுதிகளே கட்டணம் வாங்கின. அங்கே தங்கும் வணிகர்களின் செலவை நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் என்பதால் அவர்கள் விலையைப் பார்ப்பதில்லை.

பேராசை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. நாஷ்வில் நகரில் மேரியட் நிறுவனம் நடத்திய கேலார்ட் ஓப்ரிலேண்டு விடுதியின் மாநாட்டுக் கூடத்தில், வந்தவர்கள் தம் சொந்தக் கைத்தொலைபேசியின் வழி இணைப்பை ஏற்படுத்திக்கொள்வதை விடுதியே தடுத்தது. அதே வேளையில் கண்காட்சியாளரிடம் ஒரு கருவிக்கு 250 முதல் 1,000 டாலர் வரை இணையக் கட்டணம் கேட்கப்பட்டது. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 2014 அக்டோபரில் 600,000 டாலர் தண்டம் விதித்தது. தன் கிணற்று நீரை விற்பது ஒன்று. பயணி கொண்டு வந்த குடத்தைக் கவிழ்த்துவிட்டு விற்பது வேறொன்று. 2015 தொடக்கத்தில் ஹயாட் நிறுவனம் தன் விடுதிகள் அனைத்திலும் இணையத்தை இலவசமாக்கியது. மேரியட்டும் தன் உறுப்பினர்களுக்கு அவ்வாறே செய்தது.

சரி, கட்டணத்திற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களையும் நேர்மையாகக் கேட்க வேண்டும் அல்லவா?

முதலாவது, "பயன்படுத்தாதவர் ஏன் பயன்படுத்துபவருக்காகப் பணம் செலுத்த வேண்டும்?" என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடியதுதான். 30 அறைகள் கொண்ட சிறு விடுதி ஒன்று மாதம் 300 வெள்ளிக்கு இணைய இணைப்புப் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறைக்கு மாதம் 10 வெள்ளி. ஓர் இரவுக்கு ஏறக்குறைய 33 காசு. பாதி அறைகள் காலியாகக் கிடந்தாலும் 67 காசுதான். கருவிகளுக்கும் பராமரிப்புக்கும் மேலும் ஒரு வெள்ளி சேர்த்தாலும் இரண்டு வெள்ளியைத் தொடாது. நீச்சல் குளத்தில் இறங்காதவரும் மின்தூக்கியில் ஏறாதவரும் அவற்றின் செலவைப் பகிர்ந்துகொண்டுதானே தங்குகிறார்கள்? ஒன்றரை வெள்ளியை எல்லாரும் பகிர்வதா, 24 வெள்ளியைச் சிலரிடம் பறிப்பதா என்பதே இங்குக் கேள்வி.

இரண்டாவது வாதம் வலுவானது. இணைப்பு என்பது பலர் பகிரும் ஒரே குழாய். நொடிக்கு 100 மெகாபிட் வரும் குழாயில் 50 அறைகள் ஒரே நேரத்தில் இறங்கினால் ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மெகாபிட்தான் மிஞ்சும். ஓர் அறையில் இரவெல்லாம் திரைப்படம் இறக்கினால் அடுத்த அறையில் மின்னஞ்சல் நகராது. உண்மை. ஆனால், இதற்குத் தீர்வு வாயிலில் காசு வாங்குவதன்று. ஒவ்வோர் அறைக்கும் வேக வரம்பு வைப்பதே. செய்தி அனுப்பவும் குரல்வழிப் பேசவும் போதுமான வேகம் எல்லாருக்கும் இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டுவோர் பணம் கட்டட்டும். இதில் எனக்கு மறுப்பில்லை.

மூன்றாவது, "விடுதி என்ன அறச்சாலையா?" என்பது. இல்லைதான். வழிப்போக்கர்க்குச் சோறிட்ட சத்திரங்களின் வழக்கை வணிக விடுதிமீது நான் சுமத்தவில்லை. விடுதிக்காரர் தம் செலவை வாடகையில் சேர்த்துக்கொள்ளட்டும். அதை வாசலிலேயே சொல்லட்டும் என்கிறேன். படுக்கைக்கும் விளக்கிற்கும் குழாய் நீருக்கும் தனித்தனியே விலைச்சீட்டு எழுதுவதில்லை அல்லவா?

"விளக்கும் நீரும் இணையமும் ஒன்றா?" என்று கேட்பவர்களுக்குத் தோட்டத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். என் சிறு வயதில் எங்கள் லயத்தில் மின்சாரம் என்பது மாலை ஆறரை முதல் இரவு பத்து வரை தோட்டத்து இயந்திரம் தரும் வெளிச்சம் மட்டுமே. தண்ணீர் பொதுக் குழாயில். துரை பங்களாவில் விளக்கு அணைந்ததே இல்லை. லயத்து மக்களுக்கு இரவு பத்துக்கு மேல் விளக்கு ஆடம்பரம் என்று அன்று நிர்வாகம் எண்ணியது. எங்கள் பெற்றோரில் பலரும் அப்படியே நம்பினார்கள். பின்னர் 1990 ஆம் ஆண்டின் 446 ஆம் சட்டம், தோட்ட நிர்வாகம் தரும் வீடுகளுக்குக் குழாய் நீரை இலவசமாகவும் போதிய அளவிலும் தர வேண்டும், போதிய மின்சாரமும் இருக்க வேண்டும் என்று விதித்தது. நேற்றைய ஆடம்பரம் சட்டத்தின் கண்ணில் அடிப்படைத் தேவையாயிற்று. பின்லாந்து நாடு 2010 சூலை முதல் நொடிக்கு ஒரு மெகாபிட் இணைப்பைக் குடிமக்களின் சட்ட உரிமையாக்கியது. 2020 இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, இணைப்பு இல்லாத பிள்ளைக்குப் பள்ளியே இல்லை என்பதை நம் ஆசிரியர்கள் கண்ணால் கண்டார்கள்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்வுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார், தோட்டத் தொழிலாளி, மூத்த மகன் விபத்தில் சிக்கி மருத்துவமனையில் கிடந்ததால் அருகில் ஒரு மலிவு விடுதியில் மூன்று இரவு தங்கினார். கைத்தொலைபேசியில் தொகை தீர்ந்துவிட்டது. விடுதியில் இணையக் குறியீட்டு எண் நாளுக்கு 10 வெள்ளி. அந்தப் பத்து வெள்ளி அவருக்கு இரண்டு வேளைச் சோறு. இரவில் விடுதியின் படிக்கட்டடியில் நின்று, பக்கத்துக் கடையின் இணைப்பு எட்டும் இடத்தைத் தேடி, வீட்டிலிருந்த சின்னவனோடு பேசினாராம். "அங்கேதான் சார் கொஞ்சம் கிடைச்சுது," என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் சாதாரணமாக இல்லை.

ஆசிரியர்களாகிய நாங்கள் பற்றுச்சீட்டைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கலாம். வணிகருக்கு நிறுவனம் கொடுக்கும். அத்தாயார் யாரிடம் சீட்டைக் காட்டுவார்? தனிக் கட்டணம் வசதியுள்ளவரைத் தொடுவதே இல்லை. வேறு வழியற்றவரையே தொடுகிறது. நான் அதை எதிர்ப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

உருமாறிய கட்டணம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் "இலவசம்" என்ற பலகைக்குப் பின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் கேட்கும் பக்கம் திறக்கிறது. அதுவும் ஒரு விலையே. அமெரிக்காவில் இணையத்தையும் சேர்த்து "விடுதி வசதிக் கட்டணம்" என்று கடைசிப் பக்கத்தில் கூட்டும் வழக்கம் பரவியது. கட்டாயக் கட்டணம் அனைத்தையும் முதலில் காட்டும் விலையிலேயே சேர்க்க வேண்டும் என்ற விதி அங்கே 2025 மே மாதம் நடப்புக்கு வந்தது. நமக்கும் அத்தகைய விதி வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. அடிப்படை இணைப்பு அறை வாடகைக்குள் அடங்க வேண்டும். கூடுதல் வேகத்திற்குக் கட்டணம் வாங்கலாம். அதை முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். வேண்டாத தகவலைப் பயணியிடம் கேட்கக் கூடாது.

அடுத்த முறை அறை எடுக்கும்போது, "இணையம் வாடகையில் அடங்குமா?" என்று முகப்பிலேயே கேளுங்கள். நாம் பலரும் கேட்டால், படிக்கட்டடியில் நிற்க வேண்டியவர்கள் குறைவார்கள்.