சும்மா தின்னச் சுட்ட பூண்டு

வாசம் கிளம்பிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் கண்ணயர்ந்திருந்த அம்மா எழுந்து சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"யாருக்குடி மேலுக்கு முடியல?"

யாருக்கும் ஒன்றுமில்லை, சும்மா தின்னத்தான் பூண்டு சுடுகிறேன் என்றேன். "சும்மா திங்கவா?" இருமல் மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் அள்ளிக் குடிப்பவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. பெரியகுளம் பக்கத்து எங்கள் வீட்டில் பூண்டுக்குக் குறைவே இருந்ததில்லை. வடுகபட்டிச் சந்தை கூப்பிடு தூரம். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகிற மலைப்பூண்டு அங்கேதான் மூட்டை மூட்டையாக வந்து சேரும். (அதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "நம்ம பூண்டுக்குச் சர்டிபிகேட்டா?" என்று அம்மா சிரித்தாள்.) குழம்பில் முழுப் பல், ரசத்தில் தட்டிய பல் எல்லாம் உண்டு. ஆனால் சுட்ட பூண்டு என்றால் அது மருந்துதான். வயிறு ஊதிக்கொண்டு அழுகிற பிள்ளைக்கு, பிள்ளை பெற்று வந்திருக்கிற சித்திக்கு. சோறு வடித்து இறக்கியதும் அம்மா தணலை ஓரமாக ஒதுக்கி, சுடுசாம்பலுக்குள் நாலு பல்லைப் புதைத்து வைப்பாள். கேஸ் அடுப்பு வந்தபின் அதுவும் கம்பியில் குத்தித் தீயில் காட்டுவதாகச் சுருங்கிப் போனது. வெளியே கரி, உள்ளே பச்சை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியிருக்கிறேனே தவிர, அதற்கு ருசி என்று ஒன்று உண்டென்று நினைத்ததில்லை.

இப்போது பூண்டு சுடுகிற ஏர் ஃப்ரையரை வாங்கியது வடைக்காக. அதில் வடை வராது. வடை மாதிரி ஒன்று வரும். 2010இல் பிலிப்ஸ் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பொரிப்பான் என்று பெயர் வைத்தவர் யாரோ, பலே ஆள். உள்ளே இருப்பது மேலே ஒரு சூட்டுக் கம்பி, ஒரு விசிறி, கீழே ஓட்டைக் கூடை. அனல்காற்றைச் சுழற்றியடிக்கும் குட்டி ஓவன், அவ்வளவே. பொரிப்பதாகச் சொல்வதெல்லாம் பாவனை. சுடுவதில் மட்டும் அதைக் குறை சொல்ல முடியாது.

முதல் முறை நான் செய்தது அசட்டு வேலை. பல்லை உதிர்த்து அப்படியே கூடையில் கொட்டினேன். விசிறி சுழன்றதும் சருகுத்தோல் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகியது. சின்னப் பற்கள் கரியாகிக் கசந்தன, பெரியவை வேகவே இல்லை. அடுத்த முறை பூண்டை உடைக்காமல் முழுசாக எடுத்தேன். பற்களின் நுனி தெரியும்படி தலையை மட்டும் சீவி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, அலுமினியத் தாளில் இறுக்கிப் பொதிந்தேன். தளர்வாகச் சுற்றினால் தாளும் பறக்கும். 180 டிகிரியில் 25 நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டு, மேல்பக்கம் சிவக்க ஒரு ஐந்து நிமிடம். ஆறியபின் அடியைப் பிடித்து அழுத்தினால் பல் பல்லாக வழுக்கிக்கொண்டு வருகிறது, தேன் நிறத்தில், வெண்ணெய்ப் பதத்தில்.

காரம் எங்கே போனது? போகவில்லை, அது பிறக்கவே இல்லை. முழுப் பல்லுக்குள் அல்லீன் ஓர் அறையிலும் அல்லினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலும் ஒன்றையொன்று பார்க்காமல் கிடக்கின்றன. கத்தியோ அம்மியோ சுவரை உடைத்தால்தான் இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகும். கண்ணைக் கரிக்கிற அந்த நெடி அதுதான். கத்திக்கு முன்னால் சூடு போய்ச் சேர்ந்துவிட்டால் நொதி செத்துப் போகும், அப்புறம் நசுக்கினாலும் நெடி வராது. பூண்டிலுள்ள ஃப்ரக்டான் என்கிற சர்க்கரைச் சங்கிலி வேக வேகக் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து இனிப்பைக் கொடுக்கிறது. இதே ஃப்ரக்டான்தான் சிலருக்கு வயிற்றில் வாயுவைக் கிளப்புவதும். வாயுவுக்கென்று எனக்கு ஊட்டிய அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

ஒற்றைப் பூண்டுக்காக இந்தப் பெட்டியை முடுக்குவது ஊதாரித்தனம். 1500 வாட் கருவி அரை மணி ஓடினால் முக்கால் யூனிட் வரை இழுக்கும். வெட்டியாகக் கிடந்த தணலில் காசில்லாமல் வெந்ததை நினைத்தால் மனசு கேட்கவில்லை. அதனால் ஒரே தடவையில் ஆறு பூண்டு வைத்துவிடுகிறேன். தோசைக்கல்லில் மாவு வேகும்போதே ஒரு பல்லை எடுத்து மேலே இழுகிவிட்டால் பொடிகூட வேண்டாம். தயிர்சாதத்தில் பிசையலாம். ரசத்தில் போட்டுப் பார்த்தேன், சகிக்கவில்லை. ரசத்துக்குத் தட்டிய பச்சைப் பூண்டின் முரட்டுத்தனம்தான் வேண்டியிருக்கிறது.

மிச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். பாட்டிலில் அடைத்து நல்லெண்ணெயை நிறைய ஊற்றி மேடையிலேயே வைத்துவிடு, ஊறுகாய் மாதிரி இருக்கும் என்றாள் அம்மா. கூடாது என்றேன். எண்ணெய்க்கு அடியில் காற்று போகாது. பூண்டில் புளிப்பும் கிடையாது. மண்ணிலிருந்து ஒட்டிவரும் பாட்டுலிசக் கிருமிக்கு அதைவிடச் சௌகரியமான இடம் இல்லை, கெட்டுப்போன வாடையும் அடிக்காது. 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டால் ஓர் உணவகத்தில் சாப்பிட்டவர்கள் பலர் நரம்பு முடங்கிப் படுத்தார்கள். 1989இல் அமெரிக்கா, அப்படி விற்கிற பூண்டில் அமிலம் சேர்த்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டது. ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் ஃபிரீசர்.

அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாம பூண்டு ஊறுகாய்க்கு எதுக்குடி அம்புட்டுப் புளி கரைச்சு ஊத்துறோம்?" என்று கேட்டுவிட்டு, ஆறாவது பூண்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.