முடி கொட்டாத நாய்

“பூடில் வாங்கலாம்னு இருக்கேன், என்ன சொல்ற?” என்று கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யார் சீவிவிடப் போறது? பெரும்பாலும் சிரிக்கிறார்கள். 2021-ல் நானும் சிரித்தவன்தான்.

அப்போது வீட்டிலிருந்தே வேலை. பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டுக் காரைக்குடிக்கு வந்திருந்தேன். நாய் வளர்க்க ஆசை, ஆனால் அம்மாவுக்குத் தூசி பட்டாலே தும்மல். “முடி கொட்டாது சார், அலர்ஜியே வராது” என்றார் விற்றவர். ஸ்டாண்டர்ட் பூடில் குட்டி, ஆறு வார வயது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளில் இருக்கிறது. எனக்குத் தெரியாது. ஹெட்போன் வாங்க நாற்பது விமர்சனம் படிக்கிறவன், பதினைந்து வருடம் வாழக்கூடிய ஓர் உயிரை வாங்க ஒன்றும் படிக்கவில்லை.

அந்த இரண்டு வாக்கியங்களைத்தான் இன்று வரை எல்லா விற்பனையாளர்களும் சொல்கிறார்கள். அலர்ஜி முடியால் வருவதில்லை. நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் துகளிலும் இருக்கிற புரதத்தால் வருவது. அது எல்லா நாய்க்கும் உண்டு. அம்மா தும்மிக்கொண்டேதான் இருந்தார்.

முடி விஷயம் பாதி உண்மை. தரையில் அவ்வளவாகக் கொட்டாது. உதிர்கிற முடி சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சிக்காகும், சிக்கு சடையாகும். நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே இருக்கும். நீளமாக விட்டால் தினமும் அடிவரைக்கும் சீவணும். குட்டையாக வெட்டினாலும் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கிளிப்பர் போட்டாகணும். “முடி கொட்டாது” என்றால் வேலை இல்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கொட்டாத அந்த முடிதான் வேலையே.

இன்னொன்று, இது பொம்மை நாய் கிடையாது. ஜெர்மனியில் தண்ணீருக்குள் பாய்ந்து, சுடப்பட்ட வாத்தை எடுத்துவரப் பழக்கிய இனம். வளர்ந்தால் 18 முதல் 32 கிலோ வரை வரும். 1994-ல் ஸ்டான்லி கோரன் வெளியிட்ட நாய்களின் அறிவுப் பட்டியலில் பார்டர் கோலிக்கு அடுத்த இடம் பூடிலுக்குத்தான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அறிவுள்ள நாய்க்கு ஓட்டமும் வேலையும் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை.

எங்கள் வீட்டில் என்ன ஆனது? 2022-ல் அலுவலகம் திரும்பக் கூப்பிட்டது. நாயை அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. கயிற்றை உருவிக்கொண்டு அது ஊருணியில் போய் விழும். ஈரத்தோடு விட்ட முடி இன்னும் இறுகும். மூன்று மாதம் கழித்து வந்தபோது காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சடை கம்பளமாகியிருந்தது. மருத்துவர் மொத்தமாக வழித்தார். உள்ளே தோல் வெந்த மாதிரி சிவந்து, உண்ணி அப்பியிருந்தது. “தம்பி, தினம் கால்மணி நேரம் சீவியிருந்தா இது இல்ல,” என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: “ஆசை உன்னுது, டூட்டி எங்களுதா?”

உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: “அதான் நாட்டு நாய் வாங்கச் சொல்றோம்!” இவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. நம்ம வெயிலுக்கு நாட்டு இனங்கள் பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் முயல் விரட்டி ஓடப் பிறந்த சிப்பிப்பாறையை கேட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டிப் போடுவது மட்டும் என்ன பண்பாடு? தூய வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருகிறதே, குட்டி வாங்கும்போது எத்தனை பேர் சோதிக்கிறோம்? இனம் மாறினால் கவனிப்பு தானாக வந்துவிடாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பர்மாத் தேக்கில் கட்டிய வீடுகள் பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். ஆத்தங்குடிக் கல்லுகூட ஆள் நடக்க நடக்கத்தான் பளபளக்கும். வீடாவது பொறுத்துக்கொண்டு நிற்கும். நாயைப் பூட்டி வைத்துவிட்டுத் திருவிழாவுக்கு மட்டும் வந்து பார்க்க முடியாது.

அதனால் விலை பேசுவதற்கு முன்னால் இதையெல்லாம் கேளுங்கள். தாய், தந்தை நாய்களின் இடுப்பு எக்ஸ்ரே, கண் பரிசோதனை எங்கே? கென்னல் கிளப் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. அகலமில்லாத, ஆழமான மார்புள்ள நாய் இது, வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை நடந்தாகணும். இரவு பதினொரு மணிக்கு எங்கே ஓடுவீர்கள்? காரைக்குடியிலிருந்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் புதுக்கோட்டை தாண்டிப் போகணும். கடைசியாக, நீங்கள் வெளிநாடு போனால் அது யாரிடம் இருக்கும்? “அம்மா பார்த்துப்பாங்க” என்பது உங்கள் பதில் என்றால், வாங்காதீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா?

இப்போது அது என்னோடு பெங்களூரில் இருக்கிறது. தரைத்தளத்தில் வீடு பார்க்கவே ஐந்து மாதம் ஆனது. தினமும் இரவு எட்டரைக்கு சீப்போடு உட்காருகிறேன். காதுக்குப் பின்னால் கை வைத்தால் இன்னமும் தலையை இழுத்துக்கொள்கிறது.