கர்ஜத்தில் பூட்டும் எஞ்சின்

மே மாதம் பிறந்தால் பெட்டியும் படுக்கையுமாக ஊருக்குக் கிளம்பும் நம் குடும்பங்களுக்குக் கர்ஜத் நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாகர்கோவில் வண்டியானாலும் சென்னை வண்டியானாலும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். குழந்தைகள் வடாபாவ் கேட்டு அழும் அந்தச் சில நிமிஷங்களில் வண்டியின் வாலில் வேறு எஞ்சின்களைக் கொண்டுவந்து பூட்டுவார்கள். ரயில்வேக்காரர்கள் அவற்றைப் 'பாங்கர்' என்போம். 37 அடிக்கு ஓர் அடி ஏறும் போர் காட் மலைப்பாதையில் முன் எஞ்சின் மட்டும் இழுத்தால் போதாது. பின்னாலிருந்தும் தள்ள வேண்டும். லோனாவலா வந்ததும் பாங்கரைக் கழற்றி விடுவார்கள். திருநெல்வேலி வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார் யாருமில்லை.

மின்சாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தோம். எஞ்சினைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். காரணம் இருக்கிறது. 'சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் துணையாக இயற்கை எரிவாயு' என்று மேடைகளிலும் அறிக்கைகளிலும் கேட்கிறோம். சூரியன் மாலையில் போய்விடும், காற்று நினைத்தால் வீசும், நினைத்தால் நிற்கும், ஆகவே எரிவாயு மின்நிலையங்களைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். துணை எஞ்சின் தேவை என்பதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் எவ்வளவு தூரத்துக்கு, எந்தக் கூலிக்கு, அந்தக் கூலியை யார் தலையில் வைத்து என்று கேட்கும் உரிமை பில் கட்டுகிற நமக்கு உண்டு.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். 2025 ஜூனில் இந்தியாவின் மின் உற்பத்தித் திறனில் சரிபாதி நிலக்கரியும் எரிவாயுவும் எண்ணெயும் சாராததாக ஆயிற்று. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் திறன் வேறு, கைக்கு வரும் மின்சாரம் வேறு. ஓடும் மின்சாரத்தில் பெரும்பங்கை இன்னும் நிலக்கரிதான் தருகிறது. மகாராஷ்டிரத்தில் விவசாயப் பம்புகளுக்குப் பகலிலேயே சூரிய மின்சாரம் கொடுக்க 16,000 மெகாவாட் திட்டம் போட்டிருக்கிறார்கள். நல்ல திட்டம், இரவில் விழித்துப் பாம்புக்கும் தேளுக்கும் நடுவே தண்ணீர் பாய்ச்சிய விவசாயியைக் கேட்டால் தெரியும். ஆனால் மாலை ஆறரை மணிக்குத் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் விளக்குப் போடும்போது, தையல் மிஷின் ஓடும்போது, ஆபீஸ் விட்ட கூட்டத்தைச் சுமந்துகொண்டு லோக்கல் வண்டிகள் மூன்று நிமிஷத்துக்கு ஒன்றாக ஓடும்போது, சூரியன் அரபிக்கடலில் இறங்கிவிடுகிறான். அதுதான் நம் மின்சாரத்தின் போர் காட்.

நிலக்கரிக் கொதிகலன் இந்த ஏற்றத்துக்கு மந்தம். முழுக்கக் குளிர்ந்துவிட்டால் மறுபடி எழுப்ப அரை நாள் பிடிக்கும். பகலில் சூரிய மின்சாரம் ஏராளமாக வரும் நேரத்திலும் அதை வெகுவாகத் தாழ்த்த முடியாது. தாழ்த்திப் பழக வேண்டும் என்று 2023-ல் மத்திய மின்சார ஆணையம் விதியே செய்தது. முதலில் 55 சதவீதம் வரை, பிறகு படிப்படியாக 40 சதவீதம் வரை. எரிவாயுச் சுழலியோ தனியாக ஓடினால் அரை மணிக்குள் முழு வேகம் பிடிக்கும். அதோடு நீராவிச் சுழலியையும் பூட்டிய பெரிய நிலையமானால் எரிபொருள் மிச்சம், ஆனால் குளிர்ந்து கிடந்தால் எழுப்பச் சில மணி நேரம் வேண்டும். இந்த வித்தியாசத்தை மேடையில் பேசுபவர்கள் சொல்வதில்லை. எரிவாயு என்றாலே பொத்தானைத் தட்டியதும் ஓடும் என்பது போல் பேசுகிறார்கள்.

2024 கோடையில் இந்தத் துணையின் அவசியத்தைப் பார்த்தோம். மே 1 முதல் ஜூன் 30 வரை எரிவாயு நிலையங்கள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு மின்சாரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின் கீழ் உத்தரவிட்டது. அந்த மே 30-ஆம் தேதி நாட்டின் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. உத்தரவு போட்டு எழுப்ப வேண்டிய நிலையில் அவை ஏன் தூங்கிக் கிடந்தன? நாட்டில் 20,000 மெகாவாட்டுக்கு மேல் எரிவாயு நிலையங்கள் கட்டி வைத்திருக்கிறோம். நாம் எரிக்கும் மின்சாரத்தில் அவற்றின் பங்கு நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான். இயந்திரம் இருக்கிறது, கட்டுப்படியாகும் விலையில் வாயு இல்லை.

இந்தக் கதையை மகாராஷ்டிரம் ஒருமுறை பணம் கொடுத்தே படித்திருக்கிறது. ரத்னகிரி மாவட்டத்து டாபோல் என்றால் நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்க என்ரான் கம்பெனியோடு 1992-ல் பேச்சு. 1993 டிசம்பரில் ஒப்பந்தம். 1999 மே மாதம் முதல் கட்டமாக 740 மெகாவாட் ஓடத் தொடங்கிற்று. இறக்குமதி எரிவாயு வரும்வரை நாப்தாவை எரித்தார்கள். மின்வாரியம் மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையம் தயாராக நிற்பதற்கே கட்டணம் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதுவும் டாலர் கணக்கில். எண்ணெய் விலை ஏறிற்று, ரூபாய் இறங்கிற்று, வாரியம் குறைவாக வாங்க வாங்க யூனிட் விலை 7 ரூபாய்க்கு மேல் போயிற்று. 2001 மே மாதம் நிலையம் நின்றது. அதே டிசம்பரில் என்ரானே திவால் ஆயிற்று. நிலம் போகிறது, மீன் போகிறது என்று குரல் கொடுத்த குஹாகர் கிராமத்து ஜனங்கள் போலீஸ் தடியடி வாங்கியதும் சிறை சென்றதும்தான் அவர்களுக்குக் கிடைத்த பங்கு.

பிறகு 2005-ல் தேசிய அனல்மின் கழகமும் கெயிலும் சேர்ந்து ரத்னகிரி எரிவாயு மின் நிறுவனம் என்று புதுப்பெயரில் அதை எடுத்து நடத்தின. 1,967 மெகாவாட். 2009-ல் ஆந்திரக் கடலில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் வாயு வந்தது, நிலையம் மூச்சுவிட்டது. அந்தக் கிணறுகள் எதிர்பார்த்தபடி கொடுக்கவில்லை. 2013-ல் மீண்டும் நின்றது. அதை எழுப்பியது யார் தெரியுமா? ரயில்வே. 2015 நவம்பரிலிருந்து டாபோல் மின்சாரம் நம் வண்டிகளை ஓட்டிற்று. உலகச் சந்தையில் வாயு மலிவாக இருந்த காலம், மத்திய அரசும் கை கொடுத்தது. ரயில்வேக்கு அது லாபமாகவே இருந்தது. அதை மறைக்க மாட்டோம். 2022 மார்ச்சோடு அந்த ஒப்பந்தம் முடிந்தது.

அந்த மாதத்தைக் கவனியுங்கள். உக்ரைன் யுத்தம் தொடங்கி ஒரு மாதம். 2020-ல் இரண்டு டாலரை ஒட்டிக் கிடந்த திரவ எரிவாயுவின் உடனடிச் சந்தை விலை, 2022-ல் 50 டாலரையும் தாண்டிப் பாய்ந்தது. காசுள்ள ஐரோப்பா கப்பல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. நாம் எரிக்கும் வாயுவில் ஏறத்தாழப் பாதி இறக்குமதி. கத்தாரிலிருந்து வருவது ஹோர்முஸ் ஜலசந்தி வழியாகத்தான் வந்தாக வேண்டும். சண்டை எங்கோ, சுமை இங்கே. டாபோல் துறைமுகத்திலோ இன்னொரு வேடிக்கை: அலைதடுப்புச் சுவர் முழுமையாகாததால் பல ஆண்டுகள் மழைக்காலத்தில் வாயுக் கப்பல் அணையவே முடியவில்லை. மேகம் சூரியனை மறைக்கும் மாதங்களில் துணைக்காரரே விடுப்பில் இருப்பார்! (மழைக்காலத்தில் காற்று உண்டு என்பது ஆறுதல். ஊருக்குப் போகையில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றுகிற காற்றாலைகளை ஆடியில் பார்த்தவர்கள் அறிவார்கள்.)

இன்னொன்று. வாயு ஒன்றுதான், வாய்கள் பல. உரத் தொழிற்சாலை அதைக் கேட்கிறது. நம் பிள்ளைகள் ஓட்டும் ஆட்டோவும் டாக்சியும் அதைக் கேட்கின்றன. குழாய் எரிவாயு வந்த வீட்டின் அடுப்பும் அதைத்தான் கேட்கிறது. மின்நிலையம் நிறைய எரிக்கத் தொடங்கினால் போட்டி யாரோடு என்று யோசித்துப் பாருங்கள். நிலக்கரியைவிட எரிவாயு பாதி அளவே கரியமில வாயுவைக் கக்குகிறது என்பது மெய். டிராம்பேயின் புகையைச் சுவாசித்த செம்பூர்க்காரர்கள் அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் எரியாமல் கசியும் வாயு 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 80 மடங்கு பூமியைச் சூடாக்கும் என்பதும் மெய். குழாயும் கப்பலும் கசிந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

சரி, வேறு பாங்கர் இல்லையா? இருக்கிறது. கர்ஜத்தைத் தாண்டி வண்டி ஏறும் அதே மலைத்தொடரில் இருக்கிறது. கோபோலி, பிவ்புரி, பீரா நீர்மின் நிலையங்கள் 1915-க்கும் 1927-க்கும் இடையில் டாட்டா கம்பெனி கட்டியவை. 2020 அக்டோபர் 12 காலை பத்து மணியளவில் மும்பையே இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கொரோனா காலம், அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் ஓடிய லோக்கல் வண்டிகள் நடுவழியில் நின்றன. அன்று நகரத்தை எழுப்பியதில் அந்த மலைத் தண்ணீருக்கும் டிராம்பேக்கும் பங்கு உண்டு. அந்தத் தண்ணீரையே மேலும் கீழுமாகப் பயன்படுத்தலாம். பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சும்போது கீழ் ஏரியிலிருந்து மேல் ஏரிக்கு ஏற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுப்பது. 250 மெகாவாட் காட்கர் நிலையம் 2008 முதல் இப்படித்தான் வேலை செய்கிறது. பிவ்புரியிலும் சிரவட்டாவிலும் 2,800 மெகாவாட்டுக்கு 2023 ஆகஸ்டில் மாநில அரசோடு டாட்டா ஒப்பந்தம் செய்திருக்கிறது. அணையின் பேரால் மலையில் வாழும் ஆதிவாசிகளைத் துரத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். குஹாகரில் நடந்தது அங்கேயும் நடக்க வேண்டாம். மின்கலக் கிடங்குகளின் ஏல விலையும் வேகமாக இறங்கி வருகிறது. இரண்டு மணி, நான்கு மணி நேரத்து மாலை ஏற்றத்துக்கு அவை போதும்.

அப்படியானால் எரிவாயுவுக்கு வேலை? நான்கைந்து நாள் தொடர்ந்து மேகம் மூடி, காற்றும் படுத்துவிட்டால் மின்கலம் தாங்காது. பெரிய நிலையம் பழுதானால், கம்பி விழுந்தால், நகரத்துக்கு உள்ளேயோ பக்கத்திலேயோ ஓர் எஞ்சின் வேண்டும். கடலுக்கு அக்கரையில் உரணில் 672 மெகாவாட் நிலையம் பம்பாய் ஹை வாயுவில் 1980-களிலிருந்து ஓடுகிறது. அதை நன்றாகப் பராமரித்து வையுங்கள். இருப்பதை வைத்து ஏற்றத்தைக் கடப்போம். புதிதாக எரிவாயு நிலையம் கட்டி, 25 ஆண்டுக்குக் கை கட்டி, டாலரில் நிற்பதற்கான கூலி எழுதிக் கொடுப்பதை மட்டும் நம் சங்கம் எதிர்க்கும். நம் ஆபீசிலும் லீவ் ரிசர்வ் குமாஸ்தா உண்டு. யாரும் விடுப்பு எடுக்காத நாளிலும் அவருக்குச் சம்பளம் உண்டு, அது நியாயம். ஆனால் அவர் சம்பளத்தை வாஷிங்டனில் நிர்ணயிப்பதில்லை.

இதெல்லாம் சர்க்கார் விவகாரம், நமக்கென்ன என்று சொல்லும் தோழர்களுக்கு ஒரு கணக்கு. எரிபொருள் விலை ஏறினால், 'எரிபொருள் சரிக்கட்டுக் கட்டணம்' என்ற பெயரில் அது பில்லில் வந்து உட்காருகிறது. மீட்டர் பெயரில் உள்ளவனுக்கு அதன் காரணமாவது தெரியும். கோலி வாடகைக்கு எடுத்தவனுக்கு? மூன்று கோலிக்கு ஒரு மீட்டர். கோலிக்கு 90 யூனிட். தனித்தனி மீட்டரானால் மூவருமே முதல் 100 யூனிட்டின் மலிவுப் படியில் இருப்பார்கள். ஒரே மீட்டரில் 270 ஆகிவிடுவதால் 170 யூனிட் அடுத்த படியின் விலைக்குப் போகிறது. அதன் மேல் வீட்டுக்காரர் சப் மீட்டருக்குத் தாம் வைத்த விலை. ஆக நகரத்திலேயே குறைவாக எரிப்பவன், யூனிட்டுக்கு அதிகமாகக் கட்டுகிறான். துணை எஞ்சினின் கூலி கடைசியில் இறங்குகிற இடம் இதுதான்.

கட்டண மனுக்கள் வரும்போது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடமும் ஆட்சேபணை கேட்கிறது. கம்பெனிகள் வக்கீலோடு போகின்றன, கோலிக்காரன் போனதில்லை. இந்த முறை நம் சங்கம் மனு எழுதப் போகிறது: வாடகைக் குடும்பத்துக்குத் தனி மீட்டர், நிற்பதற்கான கட்டணம் எவ்வளவு என்று பில்லிலேயே தனி வரி, டாலர் ஒப்பந்தமானால் கையெழுத்துக்கு முன்பே பகிரங்க விசாரணை. மனுவுக்கு ஆதாரம் வேண்டும். ஆறு மாதத்து பில், அது இல்லாதவர்கள் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை மாலைச் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டவர்கள், கொடுத்த தொகையையும் மாதத்தையும் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். எழுத வராதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நாம் இருக்கிறோம்.